இல்லாத பாஷையின் மொழிபெயர்ப்பாளர்

பதினெட்டு வருஷமாக நான் அரசாங்க மொழிபெயர்ப்பாளர். கண்டியில் ஒரு கந்தோரில் சிங்களக் கடிதங்களைத் தமிழாக்குவதும் தமிழ் மனுக்களைச் சிங்களமாக்குவதும் என் வேலை. விசாரணை நாட்களில் அதிகாரிக்கும் வந்தவர்களுக்கும் நடுவில் ஒரு கதிரையில் உட்கார்ந்து வாயாலும் மொழிபெயர்ப்பேன். அந்த வேலையை நான் நன்றாகச் செய்கிறவள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. சொன்னதில் ஒரு சொல் கூடவும் கூடாது, ஒரு சொல் குறையவும் கூடாது. ஒருமுறை காணி விசாரணை ஒன்றில் ஒருவர் அதிகாரியைத் தமிழில் காரசாரமாகத் திட்டினார். நான் அதே சூட்டோடு சிங்களத்தில் சொன்னேன். அதிகாரி அவரை விட்டுவிட்டு என்னை முறைத்தார். அன்றும் நான் எதையும் மழுப்பவில்லை.

என்னை ஒரு நாடகப் பட்டறைக்குக் கூப்பிட்டதும் இதற்காகத்தான். நடிப்பதற்கு இல்லை, மொழிபெயர்ப்பதற்கு. வாவிக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, ஒரு கட்டடத்தின் மேல்மாடி மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் நடந்தது அது. வசனம் எழுதி வைக்காமல், அந்த இடத்தில் தோன்றுவதைத் தோன்றியபடி நடிக்கிற பயிற்சி. நடத்தியவர் ஒரு சிங்களப் பெண்மணி. எல்லாரும் அவரை மிஸ் என்றார்கள். வந்த பதினான்கு பேரில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. மூன்று நான்கு பேருக்குச் சிங்களம் சரியாக வராது. மிஸ்ஸுக்குத் தமிழில் 'வாங்க', 'உட்காருங்க', 'சாப்பிட்டீங்களா' மட்டும் தெரியும். என் கந்தோர்த் தோழி ஒருத்தி என் பெயரைச் சொல்லியிருந்தாள். நான் உடனே சரி என்றதற்குக் காரணம் கலை ஆர்வம் இல்லை. வங்கியில் வேலை பார்க்கும் என் கணவர் சனிக்கிழமை விடிந்தால் பழைய ரேடியோப் பெட்டிகளைக் கழற்றி சாப்பாட்டு மேசை முழுவதும் பரப்பி வைப்பார். குண்டசாலையில் எங்கள் வீடு சின்னது. வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு சாக்குக் கிடைத்தது, அவ்வளவுதான்.

முதல் மூன்று வாரங்கள் சுவர் ஓரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். மிஸ் சிங்களத்தில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன். யாராவது தமிழில் சந்தேகம் கேட்பார்கள், நான் சிங்களத்தில் கேட்பேன். மற்ற நேரமெல்லாம் வேடிக்கை. அங்கே எனக்கு மிகவும் பிடித்துப்போனவர் ஒரு ஹார்ட்வெயார் கடைக்காரர். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் கடை வைத்திருந்த முஸ்லிம். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நான் அவரை நானா என்று கூப்பிட்டேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். பட்டறைக்குப் பெயர் கொடுத்திருந்தது உண்மையில் அவருடைய மகள். குழந்தை பிறக்கப் போகிறது, மகள் வர மாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போக வந்தவர், ஒரு பயிற்சியைப் பார்த்துவிட்டு அப்படியே தங்கிவிட்டார். தமிழும் சிங்களமும் அவருக்கு ஒன்றுபோல வரும். நடக்கும்போது கால், பேசும்போது கை, சும்மா இருக்கும்போது புருவம் என்று ஏதாவது ஒன்று அவரிடம் அசைந்துகொண்டே இருக்கும்.

நான்காவது சனிக்கிழமை மிஸ் ஒரு புதுப் பயிற்சியைச் சொன்னார். இன்றைக்கு யாரும் சிங்களமும் பேசக்கூடாது, தமிழும் கூடாது, இங்கிலீஷும் கூடாது. உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு பாஷையை வாயில் வந்தபடி பேச வேண்டும். சொல்லுக்கு அர்த்தம் இருக்கக்கூடாது, ஆனால் பேச்சுக்கு அர்த்தம் இருக்க வேண்டும். இதற்கு அவர் ஒரு இங்கிலீஷ் சொல்லைச் சொன்னார். அதற்கு நான் தமிழ் தேட வேண்டியிருந்தது. முதலில் 'உளறல்' என்று வாய்வரை வந்தது. காய்ச்சலில் உளறுவார்கள், குடித்துவிட்டு உளறுவார்கள். இது அப்படி இல்லையே என்று அதை விட்டுவிட்டு, "இல்லாத பாஷை" என்றேன். அந்தப் பெயரே அங்கே நிலைத்துவிட்டது.

மிஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படியென்றால் இன்றைக்கு உங்களுக்கு வேலை இல்லையே, எழுந்து வட்டத்துக்குள் வாருங்கள் என்றார். மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

முதலில் ஒரு பொருளை விற்க வேண்டும். இல்லாத ஒரு மீனை நானா தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். "கெரபுண்டா லிமி லிமி, சோட்டக் கபறே, அஞ்சுலா தோ" என்றார். விலை சொன்னார், விலையைக் குறைத்தார், கோபித்துக்கொண்டு போனார், திரும்பி வந்தார். ஒரு சொல் புரியவில்லை, எல்லாம் புரிந்தது. அடுத்தது நான். எதிரே பட்டறைக்கு வந்திருந்த ஆஸ்பத்திரித் தாதி ஒருவர் நின்றார். அவருக்கு நான் ஒரு குடையை விற்க வேண்டும். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் திறந்தேன். "மேற்படி" என்று வந்தது.

தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிங்களக்காரர்களுக்கு அது ஏன் வேடிக்கை என்று புரியவில்லை. அதை நானே அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு அவர்களும் சிரித்தார்கள்.

நானும் சேர்ந்து சிரித்தேன், ஆனால் உள்ளே எரிந்தது. இரண்டு பாஷையிலும் என்னை யாரும் மடக்கியதில்லை. பாஷையே இல்லாத இடத்தில் நான் ஊமையாக நின்றுவிட்டேன். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமலே, இதில் என்ன கஷ்டம், ரேடியோவில் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவில் வருகிறதே, அதைப் பேசிவிட்டால் போயிற்று என்றார். பேசியும் காட்டினார். எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் அவர் சொன்னது உபயோகமாக இருந்தது. அந்த வாரம் முழுவதும் குண்டசாலை பஸ்ஸில் போகவும் வரவும் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு மெல்லப் பேசிப் பார்த்தேன். புதன்கிழமை பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மா எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். அதை நான் தேர்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை மிஸ் சொன்ன பயிற்சியைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. வெளிநாட்டு நிபுணர் ஒருவர் இல்லாத பாஷையில் சொற்பொழிவு ஆற்றுவார். பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்று அதைச் சபைக்குச் சொல்ல வேண்டும். இது உங்களுக்காகவே செய்த பயிற்சி என்றார் மிஸ். நிபுணராக நானா வந்தார். தலைப்பைச் சபையில் யாரோ சொன்னார்கள்: தேனீ வளர்ப்பு.

அவர் ஒரு நீண்ட வாக்கியத்தைப் பேசி நிறுத்தினார். பழக்கதோஷத்தில் நான் அர்த்தம் வரட்டும் என்று காத்திருந்தேன். எங்கிருந்து வரும்? "எல்லாருக்கும் வணக்கம் என்கிறார்" என்றேன். சிரித்தார்கள். அவர் கையை அகல விரித்தார். "அவருடைய நாட்டில் தேனீ இவ்வளவு பெரிது" என்றேன். அதன் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. அவர் பேசப் பேச அவருடைய கையையும் முகத்தையும் பிடித்துக்கொண்டு தமிழில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் வேகமாகப் போனால் நானும் வேகமாகப் போனேன். இப்படி ஒரு சந்தோஷம் என் தொழிலில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

பாதிப் பேச்சில் அவர் குரலைத் தாழ்த்தினார். யன்னல் பக்கம் பார்த்தபடி இரண்டே இரண்டு சின்ன வாக்கியங்கள் பேசினார். நான் யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. "எல்லாம் ஒரே பெட்டியில் வளர்ந்தவை. ஒருநாள் பாதித் தேனீ எழுந்து போய் எதிர்ப்பக்கம் வேறு பெட்டியில் குடியேறிவிட்டது. இப்போது இரண்டு பெட்டிக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்கிறார்."

சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனிக்காமல் வழக்கப்படி சிங்களத்திலும் முழுவதையும் சொல்லி முடித்தேன். நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தமிழில், "போதும்" என்றார். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். தேநீர் இடைவேளையில் குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்.

அவருடைய கடைக்குப் பக்கத்தில் குடியிருந்த ஓர் ஆசிரியை பட்டறைக்கு வந்துகொண்டிருந்தார். அவர்தான் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். நானாவும் அவருடைய தம்பியும் இருபது வருஷம் ஒரே கடையில் வியாபாரம் செய்தவர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் தம்பி பிரிந்து போய், தெருவுக்கு நேர் எதிர்ப்பக்கம் இன்னொரு ஹார்ட்வெயார் கடை போட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

"நீங்க தெரிஞ்சுதானே சொன்னீங்க?" என்று கேட்டார் ஆசிரியை.

எனக்குத் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக யாரும் சொல்லாத ஒன்றைச் சொந்தமாகச் சொன்னேன். அது நேராகப் போய் ஒரு மனிதர் மேல் விழுந்தது. அதுவும் இரண்டு பாஷையில்.

அடுத்த சனிக்கிழமை நானா வரவில்லை. அவர் வராத அறையில் நான் வேலை செய்தேன், ஆனால் என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு கட்டுகஸ்தோட்டைக்குப் பஸ் ஏறினேன். தொலைபேசியில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

கடையைத் தேட வேண்டியிருக்கவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு கடைகள். இரண்டின் முன்னாலும் ஒரே நிறத்துத் தண்ணீர்த் தாங்கிகள், ஒரே மாதிரிக் கட்டித் தொங்கவிட்ட மண்வெட்டிகள். நானா ஒருவருக்குக் கதவுப் பிணைச்சல் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க தங்கச்சி" என்று சொல்லி ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். வந்தவரை அனுப்பிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"நானா, அன்னைக்கி நான் வேணும்னு சொல்லல. ஒங்க தம்பி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. அத நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்" என்றேன்.

"நீங்க தெரியாமத்தான் சொன்னீங்க எண்டு எனக்கு வெளங்கும்" என்றார். "தெரிஞ்ச ஆக்கள் மூணு வருஷமா என் முன்னால அதப் பத்தி வாயத் தொறக்கல்ல."

பிணைச்சல் பெட்டியை மூடி வைத்துவிட்டு அவரே கேட்டார். "ஆனா எப்பிடி வந்திச்சு ஒங்களுக்கு? நான் பேசினதுல ஒரு சொல்லுக்காவது அர்த்தம் ஈந்திச்சா?"

அந்தக் கேள்வியை நானே என்னிடம் பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த நிமிஷம் முழுவதும் எனக்கு ஞாபகம் வந்தது.

"நீங்க யன்னலப் பார்த்தீங்க நானா. சத்தம் எறங்கிச்சு. ரெண்டு கையையும் சேர்த்து நெஞ்சுக்கிட்ட வச்சிருந்தீங்க. பொறகு ஒரு கைய மட்டும் எடுத்து தூர அந்தப் பக்கம் வச்சீங்க. அத அங்கயே விட்டுட்டீங்க, திருப்பி எடுக்கல. நான் அதத்தான் சொன்னேன்."

அவர் இரண்டு கைகளையும் மேசைக்கு மேலே சேர்த்து வைத்துப் பார்த்தார். ஒன்றை எடுத்து மெல்ல அந்தப் பக்கம் வைத்தார். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான்தான் சொல்லீக்கிறன்" என்றார்.

ஆமாம் என்றேன்.

அவர் சிரித்த மாதிரி இருந்தது. அந்தப் பாஷை தனக்கு ஏன் பிடித்தது என்று சொன்னார். கடையில் நாள் முழுவதும் பேச்சு, வீட்டில் கேள்வி. இதில் மட்டும்தான் ஒன்றுமே சொல்லாமல் நன்றாகப் பேச முடிகிறது என்று நினைத்தாராம். நான் குத்திக்காட்டிவிட்டேன் என்று நினைத்துத்தான் அன்று எழுந்து போனாராம். பேசிக்கொண்டிருக்கும்போது நான் தற்செயலாக எதிரே பார்த்தேன். அந்தக் கடை வாசலில் ஒருவர் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே மூக்கு, அதே புருவம். நான் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு மனம் லேசாகிவிட்டது. நான் ஒரு சொல்லையும் கூட்டவில்லை. அவர் சொன்னதைத்தான் சொல்லியிருக்கிறேன். என் தொழிலை நான் நினைத்ததை விட நன்றாகக் கற்றிருக்கிறேன் என்று தோன்றியது. விசாரணைக் கதிரையில் உட்கார்ந்து உட்கார்ந்து, பேச்சு வருவதற்கு முன்னால் கையைப் பார்க்கப் பழகியிருக்கிறேன். அது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

சனிக்கிழமை நானா வந்தார். எல்லாருக்குமாகத் தேநீரோடு சாப்பிட ஒரு பெட்டி நிறைய பணிஸ் வாங்கி வந்திருந்தார். அதே பயிற்சியை அதே மொழிபெயர்ப்பாளரோடு இன்னொரு தரம் செய்ய வேண்டும் என்று மிஸ்ஸிடம் அவரே கேட்டார். என் காதுக்கு மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். "கையப் பார்த்துச் சொல்லுங்க. கடைய விட்டுடுங்க." சரி என்றேன். அன்று அவர் விண்வெளிக்குப் போய் வந்தவராகப் பேசினார். ஆசிரியை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முடிந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் பணிஸில் பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுத்தார்.

இதற்குள் கந்தோரிலும் ஒன்று நடந்தது. புசல்லாவைப் பக்கத்திலிருந்து ஒருவர் காணி எல்லை விசாரணைக்கு வந்திருந்தார். நாற்பது வயதுத் தொழிலாளி. அதிகாரி ஒரு தாளை முன்னால் வைத்து, இதற்குச் சம்மதமா என்று கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன். "சரிங்க, சம்மதம்ங்க" என்றார் அவர். அவர் சம்மதிக்கிறார் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். ஆனால் அவர் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் இறுக்கி மடக்கி வைத்திருந்தார். முந்தைய வருஷமாக இருந்தால் அது என் வேலை இல்லை என்று இருந்திருப்பேன். அன்று அதிகாரியிடம், நான் என் சார்பில் இவரிடம் ஒரு கேள்வி கேட்கலாமா என்று அனுமதி கேட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் மறுக்கவும் இல்லை.

"இந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. சிங்களத்துல இருக்கு. கேட்டா கோவிப்பாங்களோன்னு சும்மா இருந்தேன்" என்றார்.

அதை அப்படியே சொன்னேன். பிறகு தாள் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டினேன். எல்லை தவறு என்று அவர் விரலை நீட்டிக் காட்டினார். விசாரணை வேறு திகதிக்குத் தள்ளிப் போனது. அன்று நான் செய்தது சரியென்று எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை.

பட்டறை முடியும் சமயத்தில் மிஸ் எங்களைக் கடுகண்ணாவைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு பாடசாலை மண்டபத்தில் சனிக்கிழமை பின்நேரம் நிகழ்ச்சி. இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள், எல்லாச் சனங்களும் கலந்து. நாங்கள் தொடங்கும்போது தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கியது. மிஸ் முகம் வாடிவிட்டது. நானா என்னைப் பார்த்து, "சத்தம் கேக்காட்டியும் பரவால்ல தங்கச்சி. நம்ம பேச்சுக்குக் காது தேவல்ல" என்றார்.

தலைப்பு கேட்டோம். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், கோச்சி ஏன் நேரத்துக்கு வருவதில்லை என்று சிங்களத்தில் கத்தினாள். ரயில் பாதை ஓரத்திலேயே வாழ்கிற ஊர். மண்டபம் கைதட்டியது. நானா வெளிநாட்டு ரயில்வே நிபுணர் ஆனார். மலையை எப்படி நகர்த்துவது, பாதையை எப்படி நேராக்குவது, கோச்சிக்குக் காலையில் என்ன சாப்பாடு கொடுப்பது என்று விளக்கினார். மழைச் சத்தத்துக்கு மேல் நான் தமிழிலும் சிங்களத்திலும் சொன்னேன். நடுவில் முன்வரிசையில் ஒரு சிங்களப் பெரியவர் எழுந்து நின்றார். ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. எங்கள் இல்லாத பாஷையிலேயே அவர் ஒரு கேள்வி கேட்டார். விரலை நீட்டி, மிகவும் கோபமாக.

மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது. நான் அவருடைய கையைப் பார்த்தேன், அது கொடி பிடித்த மாதிரி மேலும் கீழும் போய் வந்தது. "முப்பது வருஷம் நான் கொடி காட்டினேன். ஒரு நாளாவது நிபுணர்கள் நீங்கள் யாராவது வந்து என்னிடம் கேட்டீர்களா என்கிறார்" என்றேன், இரண்டு பாஷையிலும். பெரியவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். கைதட்டலில் மழை கேட்கவில்லை.

திரும்பி வரும்போது வேனில் நானாவும் நானும் முன் இருக்கையில் இருந்தோம். பின்னால், நிகழ்ச்சி பார்க்க வந்திருந்த அவருடைய மகள் குழந்தையை மடியில் போட்டுத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தது. பேராதனை தாண்டும்போது அவர் வெளியே பார்த்தபடி, போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வரும் வழியில் தம்பியின் கடைக்குப் போனதாகச் சொன்னார்.

"பேசினீங்களா?" என்று கேட்டேன்.

"பேச என்னத்த ஈக்கி. போய் ஒரு கதிரையில இருந்தன். அவன் பிளேன்டீ ஒண்டு கொண்டுவரச் சொன்னான். குடிச்சிட்டு வந்தன்."

மேலே நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கைகளையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே, அந்த ரயில் பெரியவரை அடுத்த நிகழ்ச்சிக்கு எப்படியாவது கூப்பிட வேண்டும், அவருடைய விலாசத்தை யாராவது வாங்கினீர்களா என்று வேனில் இருந்தவர்களைக் கேட்கத் தொடங்கினார். நான் வாங்கி வைத்திருந்தேன்.